வெள்ளைத் தாளில் விழுந்த வெட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சோம்நாத் ஹோர் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு வங்காள அச்சுக் கலைஞருக்குத் தமிழ்ப் பத்திரிகை முழுப் பக்கம் ஒதுக்குவது அடிக்கடி நடக்கிற காரியமில்லை. அதற்கு முதலில் நன்றி. ஆனால் அவருடைய ‘காயங்கள்’ வரிசையைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியிருக்கும் பத்தி எனக்கு ஒப்பவில்லை. அவை 1971 வங்கதேசப் போரைக் காட்டுகின்றன என்கிறார். இரண்டு வரி தள்ளி, அவை அரூபமாக இருப்பதால் பார்ப்பவர் தமக்குத் தோன்றியதை அதில் கண்டுகொள்ளலாம் என்கிறார். இரண்டும் எப்படி ஒரே மூச்சில் பொருந்தும் என்பது ஒருபக்கம் கிடக்கட்டும். எனக்கு என்னவோ, இரண்டுமே அந்தத் தாளை உற்றுப் பார்க்காமல் எழுதியதாகப் படுகிறது.

நான் கலை விமர்சகன் இல்லை. சிவகாசியில் டிரெடில் மெஷினில் தொடங்கி, ஆஃப்செட்டில் முடித்து, இப்போது வீட்டில் உட்கார்ந்திருப்பவன். தீப்பெட்டி லேபிள், காலண்டர், கல்யாணப் பத்திரிகை, கட்சி நோட்டீஸ் என்று எது வந்தாலும் அடித்துக் கொடுத்த கை. படத்தைப் பார்த்தால் ‘என்ன படம்’ என்று கேட்பதற்கு முன்னால் ‘எப்படி அடித்திருக்கிறான்’ என்று கேட்கத்தான் எனக்குத் தெரியும். ஹோரைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியைக் கேட்டாலே பாதி விஷயம் விளங்கிவிடும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். சுருக்கிப் போடுவது உங்கள் இஷ்டம்.

மகள் டெல்லியில் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது ஜெய்ப்பூர் ஹவுஸில் இருக்கும் தேசிய நவீனக் கலைக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். வரிசையாக வண்ணப் படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவன், சட்டம் போட்ட ஒரு வெற்றுத் தாளின் முன்னால் நின்றேன். வெள்ளைத் தாள், அவ்வளவுதான். நேரே நின்றால் கண்ணாடியில் என் வழுக்கையும் மேலே எரிகிற விளக்கும்தான் தெரிந்தன. மருமகன் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டார். எனக்கு மட்டும் கால் நகரவில்லை, ஏனென்றால் அந்த வெள்ளைக்குள் ஏதோ மேடுபள்ளம் இருந்தது.

மை இல்லாமல் அட்டையில் உருவம் எழுப்புவது எங்களுக்குப் புதிதில்லை. கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையாரை எம்பாஸ் செய்வோம். பித்தளையில் குழிவாகச் செதுக்கிய டை, அதற்குப் பொருந்துகிற மேடான ஜோடி, இரண்டுக்கும் நடுவே அட்டையைக் கொடுத்து அழுத்தினால் தும்பிக்கை மேலே எழும்பி நிற்கும். அது சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கிறவன் அட்டையைக் கண்ணுக்கு நேரே பிடிக்கமாட்டான். கண் மட்டத்துக்குச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்ப்பான். சட்டத்தைக் கழற்ற முடியாது. அதனால் நானே சுவரோரம் போய்க் குனிந்து, தாளின் தளத்தோடு கண்ணை ஓட்டினேன். காவலாளி சந்தேகத்தோடு வந்து நேராக நின்று பார்க்கச் சொன்னார். மகளுக்குத்தான் கூச்சம்.

அப்படிப் பார்த்தபோது தெரிந்தது இது. கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. தாள் கிழியவில்லை. வெட்டின் இரண்டு ஓரமும் உதடு வீங்கியதுபோல வெளியே பிதுங்கியிருந்தன. ஒரு முனையில் வெட்டு ஆழம். மறுமுனைக்குப் போகப் போக மேலோடி, கடைசியில் பொடிப் பிசிறு ஒன்று தூக்கிக்கொண்டு நின்றது. கத்தி இறங்கிய இடம் எது, வெளியே வந்த இடம் எது என்று விரலை வைத்துச் சொல்லலாம். பக்கத்தில் அம்மைத் தழும்புபோலச் சில குழிகள், அவற்றில் கத்தியின் சாயலே இல்லை. ஒவ்வொரு குழியின் விளிம்பும் உருகி வழவழவென்று இருந்தது. சூடு வைத்திருக்கிறார்கள் என்று மனதில் பட்டது.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதில் முறை இதுதான். ஹோர் முதலில் களிமண்ணையோ மெழுகையோ தட்டையாகத் தகடுபோலப் பரப்புவார். அதைக் கத்தியால் கீறுவார், கம்பியைப் பழுக்கக் காய்ச்சிச் சுடுவார், குத்துவார். அதன்மேல் சிமெண்ட் ஊற்றி அச்சு எடுப்பார். சிமெண்ட் இறுகியதும் அதில் காகிதக் கூழை அப்பி அழுத்திக் காயவைத்து உரித்தெடுப்பார். காகிதம் உருவாவதும் படம் உருவாவதும் ஒரே வேலை. மை கிடையாது. சிலவற்றில் மட்டும் ஒரு துளி சிவப்பு. பல்ப் பிரிண்ட் என்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில், சாந்திநிகேதன் கலாபவனில் அச்சுக்கலைத் துறையை நடத்திக்கொண்டிருந்தபோது இந்த வேலையில் இறங்கினார்.

இதில் எங்கள் தொழில்காரன் ஒருவன் உடனே பிடித்துக்கொள்ளும் விஷயம் ஒன்று இருக்கிறது. கட்டுரையில் அது இல்லை. அதற்கு முன் பல வருடம் ஹோர் செய்தது எட்சிங். உலோகத் தகட்டை அமிலம் தின்று பள்ளமாக்கும், பள்ளத்தில் மை தங்கும், ஈரத் தாளை வைத்து உருளையில் ஓட்டினால் தாள் அந்தப் பள்ளத்துக்குள் போய் மையை எடுத்துக்கொண்டு வரும். அந்தத் தாளை விரலால் தடவிப் பார்த்தால் கோடு லேசாக மேலே நிற்கும். அதாவது தகட்டில் பள்ளம், தாளில் மேடு. இடம் வலமாகவும் மாறிவிடும். எவ்வளவு ஆழமாகத் தகட்டைப் புண்ணாக்கினாலும், கைக்கு வருகிற தாளில் அது தடித்த கோடாகத்தான் வரும்.

கூழ் அச்சில் இரண்டு முறை வார்க்கிறார். களிமண்ணில் பள்ளம், சிமெண்டில் அது மேடு, தாளில் திரும்பவும் பள்ளம். இடது இடதாகவே இருக்கும், வலது வலதாகவே. மண்ணில் விழுந்த வெட்டு, விழுந்த ஆழத்தோடு, விழுந்த திசையோடு, தாளுக்கு வந்து சேர்கிறது. ஓரத்தில் பிதுங்கிய மண்கூட வருகிறது. எட்சிங்கில் கைதேர்ந்த ஒருவர், அந்த நேர்த்தியான மெஷினையும் மையையும் ஒதுக்கிவைத்துவிட்டு, மண்ணும் சிமெண்டும் கூழுமாக ஏன் இறங்கினார் என்று கேட்டால், என் பதில் இதுதான். காயத்தின் படத்தைப் போட்டுப் போட்டு அவருக்கு அலுத்திருக்க வேண்டும். காயமே தாளில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார்.

ஆகவே ‘பார்ப்பவர் தோன்றியதைக் காணலாம்’ என்பது சரியில்லை. கத்தி எது, சூடு எது என்று அங்கே பிரித்துச் சொல்ல முடியும். நிதானமாக இழுத்த கீறல் எது, ஓங்கிக் குத்தியது எது என்று சொல்ல முடியும். எனக்கு முன்னால் நின்ற ஒரு கல்லூரிப் பையன் நண்பனிடம் ‘நதி மாதிரி இருக்குல்ல’ என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனான். அவன் பார்த்தது அவன் கண்ணுக்கு நதி, யாரும் தடுக்க முடியாது. ஆனால் நதிக்கு உதடு பிதுங்காது.

இனி 1971. அந்த வருடம் எல்லையைத் தாண்டி இந்தியாவுக்குள் வந்தவர்கள் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர். கல்கத்தா தெருக்களில் நக்சல்பாரிப் பையன்களும் போலீசும் மாறி மாறி விழுந்துகொண்டிருந்த காலமும் அதுதான். வியட்நாம் வேறு தினசரி பேப்பரில் எரிந்துகொண்டிருந்தது. இதெல்லாம் அந்தத் தாள்களுக்குப் பின்னால் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஹோர் தன் தாள்களுக்கு ஊர்ப்பெயர் வைக்கவில்லை, தேதி வைக்கவில்லை. ‘காயங்கள்’ என்று சொல்லி எண் போட்டார். அவரே ஓரிடத்தில் விளக்கியிருக்கிறார்: சுற்றி எங்கு பார்த்தாலும் காயம்தான் தனக்குத் தெரிகிறது என்று. தழும்பேறிய மரம், லாரி டயர் கிழித்துப்போன சாலை, எந்தக் காரணமும் இல்லாமல் கத்திக்குத்து வாங்கிய மனிதன். இந்த மூன்றையும் ஒரே வரிசையில் வைத்துச் சொன்னவரை ஒரு போருக்குள் அடைத்துவிட்டால், மரமும் சாலையும் எங்கே போகும்?

அவருடைய கணக்கு அதற்கு முப்பது வருடம் முன்னாலேயே தொடங்கிவிட்டது. 1921இல், இன்று வங்கதேசத்தில் இருக்கும் சிட்டகாங் பக்கம் பிறந்தவர். 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனது; அடுத்த நாடு இந்தியா, அதற்கு வாசல் சிட்டகாங். அந்தப் பகுதியில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. பட்டியா என்ற ஊரில் குண்டுக்குச் செத்துக் கிடந்தவர்களை இளைஞராக இருந்த ஹோர் நேரில் பார்த்தார். பின்னாலேயே பஞ்சம். பர்மா அரிசி நின்றுபோனது. எதிரி கைக்குப் போய்விடக் கூடாது என்று ஆங்கிலேய அரசு கடலோர வங்காளத்தில் அரிசியை அள்ளியது. பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளைப் பிடுங்கியது. படகு போனால் மீனவனுக்கு மீன் இல்லை, விவசாயிக்குச் சந்தை இல்லை. 1943இல் செத்தவர்கள் முப்பது லட்சம் வரை இருக்கும் என்கிறார்கள். குண்டு விழாத ஊரில் செத்தவர்கள் இவர்கள். இதைப் போர்ச்சாவு என்று எழுதுவதா, பஞ்சச்சாவு என்று எழுதுவதா? ‘எந்தப் போரின் படம்’ என்று கேட்கிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

இந்த இடத்தில் என் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும். ரங்கூனில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1942இல் ப்ரோம் வரை வந்து, அங்கிருந்து மலையேறி நடந்து கடற்கரைக்கு இறங்கி, படகில் அக்யாப், பிறகு சிட்டகாங் என்று வந்து சேர்ந்தவர். ஆயிரக்கணக்கில் நம் ஆட்கள் அந்த வழியில் வந்தார்கள். வழியெல்லாம் காலரா. ஜப்பான்காரன் குண்டையும், கழிச்சலையும், ஒரு கைப்பிடி அரிசிக்கு மோதிரம் கேட்டவனையும் அவர் தனித்தனியாகச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. எல்லாம் சேர்ந்து அவருக்கு ‘நடை’. ‘நடையில போயிட்டா’ என்றால் அவருடைய முதல் சம்சாரம் செத்தது குண்டினாலா நோயினாலா என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது. அதே சமயத்தில் அதே சிட்டகாங்கில் இருபத்தொரு வயதுப் பையனாகக் கண்ணைத் திறந்து வைத்திருந்தவர் ஹோர். அவரும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார் என்று நான் நினைப்பதற்கு இது ஒரு காரணம்.

கட்டுரையில் இன்னொரு வரி: ‘மக்களின் ஓவியராகத் தொடங்கியவர் பின்னாளில் மக்களை விட்டு அரூபத்துக்குள் போனார்’. இது அநியாயம். தொடக்கத்தில் கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகைக்குப் பட்டினி முகங்களை வரைந்தார், உண்மை. அவருக்கு வழிகாட்டியாக இருந்த சித்தபிரசாத் பஞ்சத்தில் அலைந்து வரைந்த படங்களைச் சிறுநூலாகப் போட்டபோது, அரசாங்கம் அதைப் பறிமுதல் செய்து அழித்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் ஹோர். 1946இல் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்டு எழுந்த தேபாகா விவசாயிகளோடு போய்த் தங்கிக் குறிப்பும் கோட்டோவியமுமாக எழுதிவந்தார். எல்லாம் விலா எலும்பும் கைகாலும் உள்ள மனிதர்கள். சரி, பின்னாளில் விட்டுவிட்டாரா? வெள்ளைத் தாள்களைச் செய்துகொண்டிருந்த அதே 1970களில்தான் வெண்கலத்தில் சிற்பம் செய்யத் தொடங்கினார். ஒட்டிய வயிறு, பிளந்த முதுகு, எலும்பும் தோலுமாகத் தாய், நாய், ஆடு. வியட்நாம் மக்களுக்கு அஞ்சலியாகத் தாயும் சேயுமாக ஒரு பெரிய சிற்பம் செய்தார். செய்து முடித்த கொஞ்ச நாளிலேயே கலாபவனிலிருந்து அது களவு போயிற்று, கிடைக்கவே இல்லை. (வெண்கலத்தை உருக்கி எடைக்குப் போட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். எங்கள் ஊரிலும் பழைய பித்தளை பிளாக் அப்படித்தான் போகும்.)

ஆக, ஒரு கையால் மனித உருவம், இன்னொரு கையால் உருவமற்ற வெள்ளை. உருவம் வேண்டியபோது அவரிடம் அது இருந்தது. தாளில் அவர் அதை வேண்டாமென்று வைத்தார். முகம் போட்டால் அது வங்காளி முகமாகவோ வியட்நாமி முகமாகவோ ஆகிவிடும், பார்க்கிறவன் ‘ஐயோ பாவம், அவர்கள்’ என்று நகர்ந்துவிடுவான். முகமில்லாத தோலில் வெட்டு விழுந்தால் அப்படி நகர முடியாது. இது நான் சொல்லும் காரணம், அவர் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஊரும் பெயரும் சொல்லியே தீரவேண்டிய அரூப அச்சுகளும் உண்டு. அலிகாரில் 1937இல் பிறந்து, 2020இல் லண்டனில் காலமான ஸரீனா ஹாஷ்மி 2001இல் செய்த ‘பிரிக்கும் கோடு’ அப்படி ஒன்று. மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டது. தாளின் குறுக்கே வளைந்து நெளிந்து ஓடும் ஒரு கறுப்புக் கோடு, வேறொன்றும் இல்லை. 1947 ஜூலையில் முதன்முறையாக இந்தியாவுக்கு வந்த ராட்கிளிஃப் துரை ஐந்தே வாரத்தில் போட்டுக்கொடுத்த எல்லை அது. அது இந்தியா பாகிஸ்தான் எல்லை என்று தெரியாமல் பார்த்தால் பாதி போயிற்று; இங்கே தலைப்பும் வரலாறும் கட்டாயம். ஆனால் அதிலும் வேலைப்பாட்டைப் பாருங்கள். மரக்கட்டையில் செதுக்கிய இடம் அச்சாகாது, செதுக்காமல் விட்ட இடம்தான் மை எடுக்கும். எங்கள் பழைய லெட்டர்பிரஸ் பிளாக்கும் இதே கணக்குதான். அப்படியானால் அந்தக் கோட்டின் மேல் அந்த அம்மா உளியே வைக்கவில்லை. உளி பட்டதெல்லாம் கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கிற நிலம். மணிக்கணக்காக உட்கார்ந்து இரண்டு தேசத்தையும் கொத்திக் கொத்தி எடுத்திருக்கிறார், கோடு மட்டும் அலுங்காமல் நிற்கிறது. நிலத்தில் உளி தவறவிட்ட சில்லுகள் அங்கங்கே கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பேனாவால் இதே கோட்டை வரைந்திருந்தால் அது வரைபடம், அவ்வளவுதான்.

செய்முறை தெரிந்தால் போதுமா, அது மெக்கானிக் பார்வை இல்லையா என்று கேட்பீர்கள். போதாது. சிட்டகாங்கைப் பற்றித் தெரியாமல் நான் ஹோரைப் பார்த்திருந்தால், கெட்டிக்கார எம்பாஸ் வேலை என்று பாராட்டிவிட்டு வந்திருப்பேன். ஆனால் வரிசை முக்கியம். முதலில் தாளில் என்ன நடந்திருக்கிறது, அதை எந்தக் கை எந்தக் கருவியால் செய்தது என்று பார்த்துவிட்டு, அப்புறம் வரலாற்றுக்குப் போக வேண்டும். வரலாற்றைப் படித்துவிட்டு வந்து தாளின்மேல் ஒட்டினால், எந்தப் போரையும் எந்தத் தாளின்மேலும் ஒட்டலாம். அரூப ஓவியம் பற்றிய நம் எழுத்தில் பாதி அப்படித்தான் ஒட்டிய சீட்டுகளாக இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாகப் பத்திரிகைக்கு ஒரு புகார், தொழில்காரன் என்ற முறையில். கட்டுரையோடு நீங்கள் போட்டிருந்த ‘காயங்கள்’ படம் என் வீட்டுக்கு வந்த பிரதியில் ஒரு சாம்பல் சதுரமாக இருந்தது. அச்சுக்கூடத்தைக் குறை சொல்லமாட்டேன். நியூஸ்பிரிண்ட்டில், அந்த ஸ்கிரீனில், வெள்ளைமேல் வெள்ளையை யாராலும் கொண்டுவர முடியாது. கோளாறு படம் எடுத்ததில். முன்னாலிருந்து ஃபிளாஷ் அடித்து எடுத்த படத்தில் பள்ளத்துக்கு நிழல் விழாது. நிழல் இல்லாவிட்டால் வெட்டே இல்லை. விளக்கை இடதுபக்கம், தாளின் மட்டத்துக்கு இறக்கி வைத்து, மற்ற விளக்குகளை அணைத்து எடுத்தால், சாதாரணக் கறுப்பு வெள்ளையிலேயே பளிச்சென்று வரும். முழுத் தாளையும் போட இடம் இல்லை என்றால், ஒரு வெட்டை மட்டும் பெரிதாக்கிப் போடுங்கள். தபால்தலை அளவில் முழுப் படம் போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

படத்துக்குக் கீழே ‘ஓவியம்’ என்று போட்டிருந்தீர்கள். அதில் தூரிகையும் இல்லை, வண்ணமும் இல்லை. ‘காகிதக் கூழ் அச்சு’ என்று போட்டு, நீளம் அகலத்தையும் சேர்த்துப் போட்டால், காயம் விரல் அளவா கை அளவா என்று வாசகருக்குத் தெரியும். அடுத்த வாரம் திருத்தம் போடும் இடத்தில் இந்த ஒரு வரியையாவது சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுத் தொழிலாளி ஒருவன்,
சிவகாசி.
(பெயர் போட வேண்டாம்.)